கோதுமை படாத காபி

என் வாழ்க்கையில் நான் மொத்தம் ஒரு நாளும் சில மணி நேரமும் அரசாங்க அதிகாரியாக இருந்திருக்கிறேன். அதற்காகப் பரீட்சை எழுதவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகவில்லை. யாரும் ஆணை அனுப்பவில்லை. ஒரு காபி குடிக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

காபி குடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் வயிறு நல்ல வயிறு, அதனால் கேட்கிறீர்கள்.

என் வயிறு அப்படியல்ல. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே எதைத் தின்றாலும் இரண்டு மணி நேரத்தில் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும். பஸ்ஸில் ஏறினால் முதலில் வயிறு ஏறும், கொஞ்சம் கழித்து நான் ஏறுவேன். மற்றபடி கையும் காலும் தீக்குச்சி. எங்கள் சங்கரன்கோவிலில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாயு என்றார்கள், பூச்சி என்றார்கள், கண் பட்டிருக்கிறது என்றார்கள். (என்னைப் பார்த்து யாருக்குக் கண் படும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.) அம்மா கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் வயிறு சாதுவாக இருந்தது. மூன்றாம் நாள் நான் சால்னா ஊற்றி நாலு பரோட்டா சாப்பிட்டேன். சாமி மேல் குற்றமே இல்லை.

இருபத்தொன்பது வயதில், சென்னையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, தலைசுற்றி விழுந்துவிட்டேன். லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் ரத்தம் எடுத்தார், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், கடைசியில் இது சீலியாக் என்றார். கோதுமை, மைதா, ரவை, பார்லி எல்லாவற்றிலும் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். என் குடலுக்கு அது ஆகவே ஆகாதாம். இனி ஆயுளுக்கும் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது என்றார்.

அம்மா டாக்டர் முன்னாலேயே என்னிடம் திரும்பிக் கேட்டாள். "பாட்டன் தெரியும், பூட்டன் தெரியும். அது யாருலே குளூட்டன்?"

டாக்டர் பொறுமைசாலி. ஒரு தாளில் எது ஆகும், எது ஆகாது என்று எழுதிக் கொடுத்தார். அதை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் செருகி வைத்துக்கொண்டேன். அந்த ஃபைல்தான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

சாப்பாட்டு விஷயத்தைச் சமாளித்துவிட்டேன். இட்லி, சோறு, புட்டு என்று நம் ஊரில் பிழைத்துக்கொள்ளலாம். குடிக்கிற விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தண்ணியாக இருப்பதில் மாவு எங்கிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். எங்கிருந்தும் வரும். மால்ட் பவுடர் என்றால் பார்லி. கடைப் பாதாம் பாலைக் கெட்டியாக்க என்ன போட்டிருப்பார்கள் என்பது போட்டவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். சரி, மோராவது குடிப்போம் என்றால் அதில் பெருங்காயம். பெருங்காயக் கட்டியில் மைதா கலந்திருக்கும் என்பதை டப்பாவின் பின்னால் எறும்பு எழுத்தில் படித்த அன்று எனக்கு உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது.

மிச்சம் இருந்தது சாதா காபி ஒன்றுதான். ஆனால் அந்தக் காபி வருகிற தம்ளரில் முந்தின ஆள் பன்னை முக்கித் தின்றிருப்பார். மால்ட் டப்பாவில் முங்கிய கரண்டியே சர்க்கரை டப்பாவிலும் முங்கியிருக்கும். சென்னையில் நான் பிளாஸ்க்கோடு அலைந்தேன். யாரும் என்னை ஏனென்று கேட்கவில்லை. சொந்த ஊரில், அதுவும் பெண் பார்க்கப் போகிற இடத்துக்குப் பிளாஸ்க் கொண்டு போக முடியுமா?

ஆமாம், பெண் பார்க்கப் போகிற இடம். ராயகிரியில் இருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. பெண் பெயர் மாரிச்செல்வி. ராஜபாளையத்தில் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை என்று அம்மா சொன்னாள். பெண் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி வைத்து நடக்கிற கூட்டம் வேண்டாம், சங்கரன்கோவிலில் ஒரு காபிக் கடையில் சந்திக்கலாம், பிடிக்கவில்லை என்றால் காபியைக் குடித்துவிட்டு அவரவர் பாட்டுக்குப் போய்விடலாம் என்று. எனக்கு அந்த நிபந்தனை பிடித்திருந்தது. என் வயிற்றுக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, எனக்குக் கோதுமை சேராதுன்னு அவியட்ட சொல்லிட்டியா?" என்று போனில் கேட்டேன்.

"சும்மா கெட. இப்பமே சொன்னா, பூரி திங்க முடியாதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கன்னு யோசிப்பாவ. பெறவு சொல்லிக்கிடலாம்."

"பெறவுன்னா எப்பம்மா?"

"கல்யாணத்துக்குப் பெறவு."

இந்த இடத்தில் நான் ஆண்பிள்ளையாக மறுத்திருக்க வேண்டும். "சரிம்மா" என்றேன்.

சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் சனிக்கிழமை காலையில் ரயிலை விட்டு இறங்கினேன். எந்தக் கடையில் எனக்கு ஆபத்தில்லாத காபி கிடைக்கும் என்று முதலிலேயே சுற்றிப் பார்த்து, அந்தக் கடையையே சந்திப்புக்குச் சொல்லிவிடுவது என் திட்டம். போகிற போக்கில் புதுச் சட்டையின் அளவையும் சரிபார்த்துவிடலாம் என்று, வெள்ளை முழுக்கைச் சட்டையை டக் இன் செய்து, ஷூ போட்டு, கையில் ஃபைலும் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டும் பேனாவுமாக மூன்று மணி வெயிலில் கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது நான் மாப்பிள்ளை மாதிரி இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

முதல் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். பாய்லர் முன்னால் நின்ற மாஸ்டரிடம் பணிவாகக் கேட்டேன். "அண்ணாச்சி, இந்தக் காபியில கோதுமை உண்டா?"

அவர் ஆற்றிக்கொண்டிருந்த காபி பாதி வானத்தில் நின்றது. "காபியில காபித்தூளுதான் தம்பி இருக்கும். கோதுமை வேணும்னா எதுத்தாப்ல மாவு மில்லு இருக்கு, அங்கன போங்க."

பெஞ்சில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஃபைலைத் திறந்தேன். "இந்தக் கரண்டிய மால்ட் டப்பாவுலயும் போடுதியளா?"

"எல்லாத்துலயும்தான் போடுதோம். ஒண்ணும் செய்யாது, குடிங்க."

நோட்டை எடுத்து "கரண்டி: ஒன்றே" என்று எழுதினேன். தம்ளர் கழுவுகிற வாளியை எட்டிப் பார்த்தேன். அதில் பன் துணுக்குகள் மீன்குஞ்சு மாதிரி நீந்தின. அதையும் எழுதினேன். டாக்டரிடம் காட்டலாம் என்று போனில் ஒரு போட்டோ எடுத்தேன். நிமிர்ந்தபோது பெஞ்சில் சிரிப்பு நின்றிருந்தது. மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். படித்தவனுக்கு நம் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடை தேரடிப் பக்கம். அங்கே பாதாம் பால் பிரபலம். பவுடர் டப்பாவில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. கடைக்காரரிடம், "இதுல கொஞ்சம் ஒரு கவர்ல போட்டுத் தாங்க. என்னென்ன கலந்திருக்குன்னு பாக்கணும்" என்றேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். (மைதாவைக் கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரன் நான்.)

அவர் கவரை இரண்டு கையாலும் நீட்டினார். "லேபுக்கு அனுப்புவியளா சார்?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா கேட்டேன் சார்."

நான் இரண்டாவது கடையிலேயே 'சார்' ஆகிவிட்டேன். சென்னைக் களை முகத்தில் தெரிகிறது போலிருக்கிறது என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மூன்றாவது கடைக்கு நான் போவதற்கு முன்னாலேயே என் புகழ் போய்விட்டது. அந்தக் கடையில் எல்லோரும் தலையில் வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார்கள். ஒரு தொப்பியில் இன்னும் விலைச்சீட்டு தொங்கியது. வடை எண்ணெயை ஒற்ற எப்போதும் கிடக்கிற பழைய பேப்பர் ஒன்றையும் காணோம். வடை வாழையிலையில் சாமி பிரசாதம் மாதிரி உட்கார்ந்திருந்தது. முதலாளியே எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சாருக்கு எந்த ஆபீஸ்?"

"மெயின் ஆபீஸ்" என்றேன். எங்கள் கம்பெனிக்குத் திருநெல்வேலியில் கிளை உண்டு. நான் அந்தக் கிளை ஆள் அல்ல, தலைமை அலுவலகத்து ஆள் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை இருந்தது. "சென்னையில இருந்து நேரா வாரேன்."

எனக்காகத் துடைத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான்காவது கடையில்தான் உறைத்தது.

அது ராஜபாளையம் ரோட்டில் இருந்தது. நாலு மேஜை, நல்ல டிகாக்ஷன் வாசம், வாசலில் முதலாளி. பெயர் வெள்ளத்துரை. ஐம்பது வயது, தடித்த மீசை. நான் படியேறும்போதே கையைக் கூப்பினார்.

"சார், வாங்க சார். பஸ் ஸ்டாண்டுல இருந்து போன் வந்துட்டு. உணவுப் பாதுகாப்பு ஆபீசரு சென்னையில இருந்து வந்திருக்காவ, எதுலயாவது கோதுமை கலந்திருக்கான்னு கேக்காவ, ஒவ்வொரு கரண்டியா எண்ணுதாவன்னு சொன்னாவ. நம்ம கடையில தப்பு ஒண்ணும் கிடையாது சார். இருந்தா சொல்லுங்க, இப்பமே திருத்திக்கிடுதேன்."

என் மூளைக்கு இரண்டு விநாடி கிடைத்தது. 'ஐயோ, நான் ஆபீசர் இல்லை அண்ணாச்சி, எனக்கு வயிறு சரியில்லை' என்று சொல்ல இரண்டு விநாடி தாராளம். அதற்குள் அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். "மோருல பெருங்காயம் போடுதேன் சார், கட்டிப் பெருங்காயம், அதுல மைதா இருக்கு, எனக்கே தெரியும். மால்ட் கரண்டியும் சர்க்கரைக் கரண்டியும் ஒண்ணுதான், மறைக்க மாட்டேன். பன்னு வச்ச தட்டுலதான் தம்ளரையும் கவுத்துதோம்."

நோய் தெரிந்த நாளிலிருந்து எத்தனையோ கடைக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவரும் "ஒண்ணும் செய்யாது" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதன்முதலாக ஒரு மனிதர் எனக்கு முழு உண்மையையும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அழகான குரலை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

"ம்ம்" என்றேன்.

அந்த 'ம்ம்'தான் குற்றம். மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்.

"பாய்லர மொத்தமாப் பிரிச்சுத் தேய்க்கணும்" என்று ஒரு குரல் கேட்டது. சுற்றிப் பார்த்தேன். பேசியது நான்தான். "காபிக்குன்னு தனிக் கரண்டி, தனி வடிகட்டி. புது தம்ளர் ஒரு செட்டு, அதுல பன்னு, பிஸ்கட்டு எதுவும் படக் கூடாது. சர்க்கரை டப்பாவ மாத்துங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து பாப்பேன்."

"சரி சார். சரி சார்" என்று ஒவ்வொன்றையும் அவர் தன் பில் புத்தகத்தின் பின்னால் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. கோதுமை படாத காபிக் கடை ஒன்றை இந்த மண்ணில் நானே உருவாக்கிவிட்டேன். அம்மாவிடம் கடையின் அடையாளத்தைச் சொன்னேன். அவள் ராயகிரிக்குப் போன் பேசிவிட்டு, "அவியளுக்கும் அந்தக் கடைதான் தோதாம்லே. நாங்களே அதத்தான் சொல்ல இருந்தோம்ங்காவ" என்றாள். நல்ல சகுனம் என்றேன். ஏன் தோது என்று கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். கடை கண்ணைப் பறித்தது. பாய்லரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வாசலில் மாக்கோலம். (அரிசி மாவா என்று என் கண் தானாகப் பார்த்தது.) வெள்ளத்துரை பட்டுக்கரை வேட்டியில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போனது. படியிறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"சார், நீங்க சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன் சார். ஆனா இன்னைக்கு ஒரு அரை மணி நேரம் மட்டும் பொறுத்துக்கிடுங்க. எங்க அக்கா மகளப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரவிய வாராவ. மாப்பிள்ளை முன்னாடி என்னைய ஒண்ணும் கேட்டுராதிய சார். மானம் போயிரும்."

மாப்பிள்ளை அவர் கைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"யாருலே இவிய? ஒன்னைய எதுக்குச் சாருங்காவ?" என்று அம்மா என் முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

அதற்குள் கடைக்குள்ளிருந்து ஒரு அம்மா வந்தார். என் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஏ வெள்ளத்துரை, மாப்பிள்ளைய வாசல்லயே நிறுத்திப் பேசிக்கிட்டு இருக்க? உள்ள கூப்பிடு" என்றார்.

வெள்ளத்துரை என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். உண்மை வெளியே வந்துவிட்டது, அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன். அடி விழவில்லை. மார்போடு கட்டிப்பிடித்தார்.

"அக்கா! மாப்பிள்ளை சென்னையில கணக்கு எழுதுதாருன்னுல்லா சொன்னிய? கணக்கு இல்லக்கா! கவர்மெண்டு ஆபீசரு! நேத்து ஊரையே நடுங்க வச்சிட்டாவ!"

அந்தக் குடும்பம் மொத்தமும் எழுந்து நின்றது. பெண்ணின் அப்பா செருப்பைத் தேடினார். (ஏனென்று இன்றுவரை அவருக்கே தெரியாது.) நான் அம்மாவைப் பார்த்தேன், அவளாவது மறுப்பாள் என்று. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு புன்னகைத்தாள். பிள்ளைக்குத் திடீரென்று பதவி உயர்ந்தால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

மாரிச்செல்வி எதிரே உட்கார்ந்திருந்தாள். நீலச் சேலை, நேரான பார்வை. எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது என்று, அந்த நிலைமையிலும், நினைத்தேன்.

"காபி கொண்டாங்க அண்ணாச்சி" என்றேன், காரியத்தில் கண்ணாக.

"காபியா?" வெள்ளத்துரை சிரித்தார். "காபியெல்லாம் சாதாரண ஆளுக்கு மாப்ளே!"

உள்ளே போனவர் ஒரு முழ உயரக் கண்ணாடித் தம்ளரோடு வந்தார். அதில் மால்ட் கெட்டியாக, பழுப்பாக, நுரை தளும்ப நின்றது. மேலே பாதாம் பவுடர். அதற்கும் மேலே நொறுக்கிய பிஸ்கட். டாக்டர் பட்டியலில் 'ஆகாது' என்ற பக்கத்தை அப்படியே தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. அவர் முந்தின ராத்திரி முழுக்கத் தேய்த்த பாய்லர் அங்கே சும்மா பளபளத்துக்கொண்டு நின்றது.

பதினோரு ஜோடிக் கண்கள் என் வாயைப் பார்த்தன.

"வேண்டாம்" என்றேன். "ரூல்ஸ் இருக்கு. டூட்டியில எதுவும் குடிக்கக் கூடாது."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லா?" என்றார் பெண்ணின் அப்பா.

"எங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் டூட்டிதான்."

"பாத்தியளாக்கா நேர்மைய!" என்று வெள்ளத்துரை கண்ணைத் துடைத்தார். அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. "எனக்கே தெரியாம நீ எப்பம்லே டூட்டியில சேர்ந்த?" என்று என் காதில் கேட்டாள். அவள் காதில் கேட்பது தெருமுனை வரை கேட்கும்.

அப்போது மாரிச்செல்வி முன்னால் சாய்ந்து, மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு சீலியாக்கா?"

"எப்படித் தெரியும்?"

"நான் ரத்தம் டெஸ்ட் பண்ணுத லேபுல வேலை பாக்கேன். ரெண்டு பேருக்கு இந்த ரிசல்ட் நானே கையில குடுத்திருக்கேன். பிஸ்கட்டப் பாத்ததும் ஒங்க மூஞ்சி போன போக்கு, அவிய மூஞ்சி மாதிரியே இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க ஆபீசரும் இல்லைல்லா?" என்றாள்.

"இல்ல" என்றேன். சொன்னதும் அத்தனை பேர் முன்னாலும் எல்லாமும் கொட்டிவிட்டது. வயிறு, கோதுமை, பார்லி, பெருங்காயம், நோட்டு, கவர், 'ம்ம்' வரை.

"ஆபீசரு வேசத்த விடுங்க" என்றாள் மாரிச்செல்வி. இப்போது குரலில் சிரிப்பில்லை. "இந்த வியாதிய எங்கிட்ட எப்பச் சொல்லுததா இருந்திய?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது, பழக்க தோஷத்தில். "கல்யாணத்துக்குப் பெறவு."

நான் அதிகம் வெட்கப்பட்டது அந்த விநாடியில்தான். ஆபீசராக மாட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அவள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லாமல் போனதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. "தப்புதான். பயந்துட்டேன்" என்றேன். அன்று நான் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அது.

அதுவரை கல்லாக நின்ற வெள்ளத்துரைக்கு உயிர் வந்தது. "அப்போ நான் பாய்லர எதுக்குவே பிரிச்சேன்?" என்று கத்தினார். 'சார்' போய், 'மாப்ளே' போய், நான் 'வே' ஆகிவிட்டேன். "என் கையப் பாரும்! புளி போட்டுத் தேச்சுத் தேச்சுத் தோலு உரிஞ்சு போச்சு! பேப்பர் கட்டு பூராத்தையும் கொளுத்திட்டேன்! தொப்பி வாங்கப் போனா ஊருல ஒரு கடையிலயும் தொப்பி இல்ல. எல்லாவனும் வாங்கிட்டான்!"

விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அப்பா மெதுவாக எழுந்து, "கெளம்புவோமா?" என்றார். அன்றைக்கு அப்பா பேசியது அது ஒன்றுதான். நாங்கள் வாசல் வரை வந்துவிட்டோம். பின்னாலிருந்து ஒரு குரல்.

"நில்லும்வே!"

திரும்பினேன். வெள்ளத்துரை ஒரு புத்தம்புது தம்ளரில் காபியோடு நின்றார். அதை மேஜையில் 'டொக்'கென்று வைத்தார்.

"இவ்வளவு பாடுபட்டுட்டு, நீரு குடிக்காமப் போனா அந்தப் பாடு எதுக்கு? தனிக் கரண்டி, தனி வடிகட்டி. பன்னு நாலு அடி தள்ளி இருக்கு. குடியும். குடிச்சிட்டு எங்கனயும் போம்."

உட்கார்ந்து குடித்தேன். பதினோரு பேரும் நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு காபியை நான் அதற்கு முன்பும் குடித்ததில்லை, பின்பும் குடித்ததில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு நிமிர்ந்தேன். மாரிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று பதறிப் பார்த்தால், சிரிப்பு. அதைப் பார்த்து அவள் அம்மாவுக்குச் சிரிப்பு. கடைசியாக வெள்ளத்துரையின் மீசை துடித்தது. அது சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவரே வீட்டுக்கு வந்து, பைக்கில் என்னை ஏற்றி, மூன்று கடைக்கும் கூட்டிப் போனார், மன்னிப்புக் கேட்க வைக்க. இரண்டு பேர் திட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு மாஸ்டர் மட்டும் நம்பவில்லை. "ரகசிய விசிட்டுன்னா அப்படித்தான் சொல்லுவாவ. எனக்குத் தெரியாதா" என்று கண்ணடித்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்.

ஒரு வாரம் ராயகிரியில் இருந்து ஒரு தகவலும் இல்லை. எட்டாம் நாள் மாரிச்செல்வி என் நம்பருக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'உங்க ரிப்போர்ட் எல்லாத்தையும் அனுப்புங்க.' எண்டாஸ்கோப்பி முதல் எல்லாவற்றையும் அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 'ரத்தம் கம்மியா இருக்கு. முருங்கைக்கீரை சாப்பிடுங்க.' அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சம்மதம்னு சொல்லுதாலே" என்று அம்மா பூக்காரிக்குப் போன் போட்டாள். எங்களிடம் இருக்கிற ஒரே காதல் கடிதம் அதுதான். கல்யாணப் பந்தியில் எனக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. காவலுக்கு வெள்ளத்துரை மாமாவே நின்றார். பூரித் தட்டோடு அந்தப் பக்கம் போன ஒரு சொந்தக்காரரை அவர் விரட்டிய விரட்டில், அந்தக் குடும்பம் ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் யார் எந்தப் பொய் சொன்னாலும், "டூட்டியில இருக்கியோ?" என்றுதான் கேட்பார்கள். ஆறு வயது மகள்கூடப் பல் தேய்க்காமல் தேய்த்தேன் என்று சொல்லிவிட்டு, "டூட்டிப்பா" என்று ஓடுகிறாள்.

போன மாசம் ஒரு நாள் மத்தியானம் வெள்ளத்துரை மாமாவிடமிருந்து போன் வந்தது. நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் கடைக்கு வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் வந்தானாம். பாய்லரை எட்டிப் பார்த்தானாம். கரண்டியைத் தூக்கிப் பார்த்து, எதிலெல்லாம் போடுகிறீர்கள் என்று கேட்டு, எழுதிக்கொண்டானாம். மாமாவுக்கு அவனைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டதாம். தோளில் கைபோட்டு, "வெக்கப்படாதிய தம்பி, என் அக்கா மருமவனுக்கும் இதே வியாதிதான்" என்று உட்காரவைத்து, தனித் தம்ளரில் காபி கொடுத்து, "பொண்ணு எந்த ஊரு?" என்று விசாரித்திருக்கிறார். அவன் என்னவோ சொல்ல வந்தானாம். "பொண்ணு வீட்டுல மறைச்சிராதிய, அது மட்டும் தப்பு" என்று அரை மணி நேரம் புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலையில் உணவுப் பாதுகாப்பு ஆபீஸில் இருந்து முத்திரை குத்திய நோட்டீஸ் வந்துவிட்டது.

"மாப்ளே," என்றார் மாமா, "நெசமான ஆபீசரு எப்படி இருப்பாருன்னு நீரு ஒரு தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்லா?"